வடிப்பது எளிது, கொட்டுவது எங்கே?

கார் ரேடியேட்டரில் கிடக்கும் பழைய கூலண்ட்டை வடித்துவிட்டுப் புதியதை வீட்டிலேயே ஊற்றிக்கொள்வதைப் பலரும் கூலி மிச்சமாகும் வேலையாகத்தான் பார்க்கிறார்கள். கணக்கு தப்பில்லை, ஆனால் சின்னக் கணக்கு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மிச்சமாகும் அந்தக் கூலி, வேலை பிசகி இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட் போனால் எந்த மூலைக்கும் காணாது. இந்தப் பழக்கத்தை எடைபோட மூன்று கேள்விகள் போதும்: ஊற்றுகிற தண்ணீர் எது, உள்ளேயே தங்கிவிடும் பழையது எவ்வளவு, வெளியே வந்தது எங்கே போகிறது? முதல் இரண்டிலும் கவனமுள்ள வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பை மிஞ்ச முடியும். மூன்றாவதில்தான், அதுவும் நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் போன்ற பகுதியில், இந்தப் பழக்கம் சறுக்குகிறது.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். பனி உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு, அம்பாசிடர் காலத்தில் போர் தண்ணீரை ஊற்றித்தானே ஓட்டினார்கள் என்ற வாதம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதில் பாதி உண்மை. வெப்பத்தைச் சுமந்து செல்வதில் எத்திலீன் கிளைக்காலைவிடத் தண்ணீரே மேல். அதனால்தான் கூலண்ட் கான்சன்ட்ரேட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவதும் தவறு. ஆனால் அந்தப் பழைய வண்டிகளில் இரும்பு இன்ஜினும் செம்பு-பித்தளை ரேடியேட்டரும் இருந்தன. இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். வெறும் தண்ணீர் அதை அரிக்கும். போர் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் மெல்லிய குழாய்களில் உப்பாகப் படியும். சரிபாதி கலந்த கூலண்ட், மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறத்தாழ 129 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். வெறும் தண்ணீருக்கு அதே அழுத்தத்தில் 120 டிகிரிதான் எல்லை. அனல்மின் நிலையத்து பாய்லருக்குள் உப்பு நீக்கிய டிஎம் வாட்டரைத் தவிர வேறெதையும் விடமாட்டார்கள் என்பது நெய்வேலியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காருக்கும் அதே நியாயம்தான்: பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்க வேண்டும், அல்லது கலந்தே வரும் கூலண்ட்டை வாங்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் மெக்கானிக் குழாயைத் திருப்பிவிடக்கூடும். சொந்தக்காரர் அப்படிச் செய்யத் தேவையில்லை. இந்தப் பழக்கத்தின் முதல் பலம் இதுவே.

இரண்டாவது கேள்வியில் பலமும் குறையும் கலந்தே இருக்கின்றன. ரேடியேட்டரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கைத் திருகினால் எல்லாமே வடிந்துவிடும் என்று நினைப்பது தவறு. இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் ஏறத்தாழ பாதி தங்கிவிடும். ஒருமுறை வடித்து ஊற்றினால் பாதிதான் புதியது. ஓட்டிவிட்டு மறுபடி செய்தால் முக்கால். நடுவில் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவுபவர்கள், உள்ளே தங்கிய அந்தத் தண்ணீர் புதிய கலவையை நீர்த்துப்போகச் செய்வதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த கண்ணி ஏர் லாக். உள்ளே காற்றுக் குமிழி சிக்கினால் டெம்பரேச்சர் முள் திடீரென ஏறும். அதை வெளியேற்ற, சித்திரை வெயிலிலும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும் வரை இன்ஜினை ஓடவிட வேண்டும். ஆறிய பிறகு ரிசர்வாயரில் அளவு இறங்கியிருந்தால் நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை தேவை, தனித்திறமை அல்ல. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதிருப்பது மட்டும் பேரம் பேச முடியாத விதி. காற்றை உறிஞ்சி நிரப்பும் கருவி கேட்கும் மாடல்களையும், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் தனிச் சுற்று உள்ள ஹைபிரிட், மின்சார வண்டிகளையும் கம்பெனி சர்வீஸிடம் விட்டுவிடுவதே புத்தி.

எந்தக் கூலண்ட் என்பதிலும் நிறத்தை நம்புவதற்கில்லை. பச்சை, நீலம், இளஞ்சிவப்பு எல்லாம் தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம். அரிப்பைத் தடுக்கும் ரசாயனம் எது என்பதே முக்கியம். பழைய பச்சை வகையை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டொயோட்டா பல மாடல்களில் தன் இளஞ்சிவப்புக் கூலண்ட்டுக்கு முதல் மாற்றத்தை 1,60,000 கிலோமீட்டரில்தான் சொல்கிறது. ஆகவே ஓனர்ஸ் மேனுவலைப் பார்க்காமல் ஆண்டுதோறும் மாற்றுவது பராமரிப்பு ஆகாது; கழிவைப் பெருக்குவதில்தான் அது முடியும்.

அந்தக் கழிவுதான் மூன்றாவது கேள்வி. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் நஞ்சு. ஏறத்தாழ 100 மில்லி ஒரு பெரிய ஆளின் உயிரைப் பறிக்கப் போதும். அதற்குக் குறைந்தாலும் சிறுநீரகம் பாழாகலாம். தெருநாயும் ஆடும் அதை விரும்பி நக்கும். பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்துவைத்தால் குழந்தை கண்ணுக்கு அது கலர் சோடா போலத்தான் தெரியும். போதாக்குறைக்கு, பயன்படுத்திய கூலண்ட்டில் இன்ஜினிலிருந்து கரைந்த உலோகங்களும் சேர்ந்திருக்கும். நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கமே வெட்ட முடியும். சுற்றுவட்டாரத்து வயல்கள் போர்வெல்லை நம்பியிருக்கின்றன. தண்ணீரே தலையாய வழக்காக இருக்கும் மண்ணில், ஒரு காருக்கு நாலைந்து லிட்டர் என்று கொல்லையிலும் வாய்க்காலிலும் ஊற்றுவதற்குச் சாக்கு கிடையாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். கிளைக்கால் மண்ணில் சில வாரங்களில் சிதைந்துவிடுமே என்பது ஒன்று. கிளைக்கால் சிதையும், ஈயமும் செம்பும் சிதையா. குட்டையில் கலந்தால் சிதையும்போதே அது தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். தெருவோர ஒர்க்‌ஷாப்பும் சாக்கடையில்தானே கொட்டுகிறது என்பது மற்றொன்று. இது வலுவான மறுப்பு. ஆனால் ஒர்க்‌ஷாப்பின் குற்றத்தை அது காட்டுகிறதே தவிர, வீட்டுக்காரரை விடுவிப்பதில்லை. பழைய இன்ஜின் ஆயிலை வாங்கிப்போக ஆள் உண்டு. பழைய கூலண்ட்டைத் தேடி யாரும் வருவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் கூலண்ட் விற்கும் நிறுவனங்களும் பெரிய சர்வீஸ் சென்டர்களும்தான்: விற்ற அளவுக்குப் பழையதைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு வேண்டும். அதுவரை, இறுக மூடிய கேனில் பெயர் எழுதி, எட்டாத உயரத்தில் வைத்து, எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் சர்வீஸ் சென்டரை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்பவருக்கு இது நல்ல பழக்கம். அந்த இடம் கிடைக்காதவர் டிரெயின் பிளக்கில் கை வைக்காமலிருப்பதே நல்லது.