ஒரு பக்கம் மட்டும் ஐயுறும் நூல்

திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த தெருவொன்றில் குடியிருக்கும் என் மச்சான் சென்ற மாதம் பழைய ஆங்கில நூலொன்றை என் கையில் கொடுத்து, “இதைப் படித்துவிட்டு வந்து என்னோடு பேசுங்கள்” என்றார். நீரிழிவுக்காக ஒன்பது ஆண்டுகள் உண்டுவந்த மாத்திரைகளை அவர் நிறுத்தி அப்போது மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. நூல், கே. லட்சுமண சர்மாவின் ‘பிராக்டிகல் நேச்சர் க்யூர்’. படித்தேன். பேச வேண்டியதை எழுதியே விடுகிறேன். அவரைப் போன்றோர் நம் குடும்பங்களில் இன்று ஒருவர் இருவர் அல்லர்.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு இயற்கை மருத்துவத்தைத் தமிழகத்தில் ஓர் இயக்கமாக வளர்த்தவர்களுள் சர்மா முன்னணியில் நிற்பவர். ஆசிரமத்தோடும் அவருக்கு நெருங்கிய உறவுண்டு. ரமணரிடமே ‘உள்ளது நாற்பது’ பாடங்கேட்டு அதனை வடமொழியில் ஆக்கியவர். 1937இல் வெளிவந்த ‘மகா யோகா’ என்னும் நூலை ‘ஹூ’, அதாவது ‘யார்?’ என்னும் புனைபெயரில் எழுதியவர். (அப்பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளும் இன்று உலக சுகாதார நிறுவனத்தைக் குறிப்பது காலத்தின் குறும்பு!) ‘நான் யார்?’ என்னும் வினாவைத் தம்மீதே திருப்பிக்கொள்ளக் கற்பித்த ஆசானிடம் பயின்றவர், அதே வினாவைத் தம் மருத்துவக் கொள்கையின்மீது திருப்பியிருந்தால் இந்நூல் வேறு விதமாக அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கொள்கை எளிது. நோய்கள் பலவல்ல, ஒன்றே. உடலில் தேங்கிய கழிவே அது. காய்ச்சலும் பேதியும் அக்கழிவை வெளியேற்ற உடல் எடுக்கும் முயற்சிகள். மருந்து அம்முயற்சியை அமுக்கிவிடுகிறது. ஆகவே உண்ணாதிருத்தல், நீர், காற்று, வெயில், மண், எளிய உணவு ஆகியவையே சிகிச்சை.

இதில் உணவைப் பற்றிய பகுதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். தீட்டிய அரிசி உடலைக் கெடுக்கும் என்று இவ்வியக்கத்தார் ஊர் ஊராகச் சொன்னார்கள், அது மெய். வலீமா விருந்துகளில் தால்சாவில் மிதக்கும் இரண்டு கத்தரிக்காய்த் துண்டுகளே காய்கறி என்றிருக்கும் நம்மவருக்கு அந்தப் பக்கங்களை ஒருமுறையாவது படித்துக் காட்ட வேண்டும். ஆனால் அந்த மெய் நிறுவப்பட்ட விதத்தையும் பார்க்க வேண்டும். நம் நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மெக்காரிசன் என்னும் ஆங்கில முறை மருத்துவர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, ஆண்டுக்கணக்கில் நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், கீரை உண்ட எலிகள் செழித்தன; சென்னை மாகாணத்து அரிசி உணவை உண்டவை நலிந்தன. 1918இல் அவர் தொடங்கிய பணியே பின்னர் ஆய்வு நிலையமாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. ஆக, அரிசியை ஐயுற்றதிலும் அந்த ஐயத்தைச் சோதித்ததிலும் இந்நூல் பழிக்கும் மருத்துவமே பங்குகொண்டது.

குறை அடுத்தபடியில்தான் தொடங்குகிறது. பட்டினியால் நோய் தணிந்தால் அது இயற்கையின் வெற்றி. தணியாவிட்டால் முன்பு உண்ட மருந்தின் நஞ்சு இன்னும் நீங்கவில்லை என்பார்கள். நோய் முற்றினாலோ, அது குணம் அடைவதற்கு முன் வரும் கொந்தளிப்பு என்பார்கள். எந்த முடிவு வந்தாலும் கொள்கை தோற்பதில்லை. தோற்பவன் நோயாளி மட்டுமே.

மச்சானின் நோயையே எடுத்துக்கொள்வோம். நோய் ஒன்றே என்கிறார்கள். நீரிழிவே ஒன்றாக இல்லையே! சிறுவயதில் தாக்கும் வகையில் உடல் இன்சுலினையே சுரப்பதில்லை. அதற்கு உண்ணாமை மருந்தாகுமா என்பது சோதிக்கப்படாத செய்தி அன்று. இன்சுலின் வருமுன் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளைக் கடும் பட்டினியில்தான் வைத்தார். அக்காலத்தில் அதுவே சிறந்த சிகிச்சை. குழந்தைகள் எலும்பும் தோலுமாகச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ கூடுதலாக வாழ்ந்து மடிந்தனர். 1922 ஜனவரியில் டொராண்டோவில் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தியபின்தான் அந்தக் கதை மாறியது. நடுவயதில் வரும் நீரிழிவோ வேறு. எடையைப் பெரிதும் குறைத்தால் அது பலருக்கு மாத்திரையின்றியே அடங்குகிறது என்று 2017இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. இவ்வளவில் மச்சானின் நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அங்கே உணவும் அளக்கப்பட்டது, இரத்தமும் அளக்கப்பட்டது. இவர் வீட்டில் அளக்கப்பட்டது நம்பிக்கை ஒன்றே.

அவர் என்னிடம் நோன்பையும் சான்றாகக் காட்டினார்: “ரமலானில் முப்பது நாள் பட்டினி கிடக்கும் நமக்கா இது புதிது?” நோன்பை விதித்த அதே மறை, நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்க இடந்தந்திருக்கிறது. பட்டினி எல்லா நோய்க்கும் மருந்தென்றால் அச்சலுகை முதலில் நோயாளிக்கு ஏன்? கருஞ்சீரகப் புட்டியை நபிவழி மருத்துவமென்று விற்போரும் இப்னு கல்தூனைப் படிக்கட்டும். நபிமொழிகளில் காணும் மருத்துவம் அரபு மக்களின் வழக்கைச் சார்ந்தது, வஹீயின் பகுதி அன்று என 14ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார் அவர்.

ஐயமே கூடாதென்று நான் சொல்லவில்லை. ஜாலீனூஸின் மருத்துவம் அசைக்க முடியாத அதிகாரமாக விளங்கிய காலத்தில் அதன்மீது ‘ஐயங்கள்’ என்றே ஒரு நூல் எழுதியவர் அர்ராஸி. குருதி வடிப்பது பயன் தருமா என்றறிய, ஒரு சாராருக்கு வடித்து மற்றொரு சாராருக்கு வடிக்காமல் விட்டு ஒப்பிட்டதையும் அவர் குறித்துவைத்திருக்கிறார். அந்த ‘மற்றொரு சாரார்’ சர்மாவின் நூலில் எங்கும் இல்லை.

மச்சானின் கடைசிச் சான்று ரமணர். கையை வெட்ட வேண்டுமென்று மருத்துவர்கள் சொன்னபோது அவர் மறுத்தாரே என்றார். மறுத்தது உண்மை. ஆனால் இடது முழங்கையருகே எழுந்த கட்டிக்காக 1949 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்குமுறை அறுவை நடந்தது, ரேடியம் வைக்கப்பட்டது, பச்சிலைக் கட்டும், ஆயுர்வேதமும், ஓமியோபதியும் முறை மாற்றி வந்தன. அன்பர்கள் அழைத்து வந்த எந்த வைத்தியரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு அவர் மறைந்தார். புற்றுக்கட்டியிடம் அன்று எல்லா முறைகளும் தோற்றன. உடலைத் தாமென்று கருதாதவர் தம் கையைப் பற்றி எடுத்த முடிவு அது. அதை மருத்துவக் கட்சிக்குக் கொடியாக்குவது அவருக்கும் நீதியன்று.

நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உணவைப் பற்றிய பகுதியில் என் பென்சில் கோடுகள் மிகுதி. மச்சான் அவற்றைப் புரட்டிப் பார்த்து, சிறிது நேரம் பேசாதிருந்து, வரும் திங்களன்று இரத்தப் பரிசோதனைக்கு இசைந்தார். வெறும் வயிற்றில் வர வேண்டுமென்று ஆய்வுக்கூடத்தார் சொல்லியிருக்கிறார்கள், “அந்தப் பட்டினிக்கு மட்டும் உங்களுக்கு ஆட்சேபமில்லையே!” என்று கேட்டுச் சிரித்தார்.