அரைத்தாளில் ஐந்து நாடுகள்

சர்ச்சில் எழுதிய போர் வரலாற்றின் ஆறாம் தொகுதி 1953இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இலக்கியத்துக்கான நோபல் பரிசும் அவரை நாடி வந்தது. எழுத்தாற்றலை மறுப்பாரில்லை. அந்த ஆற்றல் எதற்குத் திரையாகிறது என்பதே நாம் எழுப்பும் வினா.

1944 அக்டோபர் 9, இரவு. கிரெம்ளின் மாளிகையில் ஸ்டாலினுடன் பேச்சு. சர்ச்சில் ஓர் அரைத்தாளில் எழுதுகிறார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு நூற்றுக்கு 90, கிரீசில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியா, ஹங்கேரி இரண்டும் பாதிக்குப் பாதி, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75. தாள் மேசையைக் கடக்கிறது. நீலப் பென்சிலால் ‘சரி’ போடுகிறார் ஸ்டாலின். அவ்வளவுதான்! காணி நிலத்தைப் பாகம் பிரிப்பதற்கும் பங்காளிகள் கூடவேண்டும். இங்கோ உரியவன் ஒருவனும் அறையில் இல்லை.

தாளைக் கொளுத்திவிடலாமா என்று தாமே கேட்டாராம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம் ஸ்டாலின். நூலாசிரியரின் நாணம் தலைகாட்டும் இடம் இது ஒன்றே. உடனே, இது போர்க்காலத்துக்கான ஏற்பாடு மட்டுமே என்று சமாதானமும் கூறிவிடுகிறார்.

தம் ஆட்சிமுறையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டென 1941 ஆகஸ்டில் அட்லாண்டிக் சாசனம் கண்டவரும் இவரே. அடுத்த மாதமே, அது நாஜிகளிடம் சிக்கிய ஐரோப்பிய நாடுகளைக் கருதியதென்று காமன்ஸ் சபையில் கூறி, இந்தியாவை விலக்கினார். ஐரோப்பியருக்கேனும் அது பயன்பட்டதா? 1944 டிசம்பரில், ஜெர்மானியரை எதிர்த்துப் போராடிய கிரேக்கப் படையினர்மீதே ஏதென்சு வீதிகளில் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் முழங்கின. ஸ்டாலின் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை, ஒப்பந்தம் தவறாத பண்பு என்று நூல் மெச்சுகிறது.