கலம் வனைவோரும் கவிதையும்

அன்றாடப் பொருள்களுள் மட்கலத்தைப் போல் நம் கண்ணுக்குப் பழகியதும், அதனாலேயே நம் கருத்துக்கு எட்டாமற் போனதும் வேறொன்றில்லை. புதுப்பானையில் பொங்கலிடும் நாளிலும், சுடுகாட்டில் கொள்ளிக்குடம் உடைக்கும் நாளிலும் மட்டுமே இன்று பலர் அதனை நினைக்கின்றனர். 1894-இல் உ.வே.சாமிநாதையர் முதன்முதலாக அச்சேற்றிய புறநானூற்றிலோ, குயவரை முன்னிறுத்தும் பாடல்கள் மூன்று உள்ளன. அவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால், மட்கலத்தின் பொருள் மட்டுமன்றி நம் வாசிப்பின் குறையும் புலனாகும்.

முப்பத்திரண்டாம் பாடலில் கோவூர்கிழார், சோழன் நலங்கிள்ளியைப் புகழ்கிறார். குயவர்தம் சிறுவர் சக்கரத்தில் வைத்த பச்சைமண் அவர்கள் கருதிய வடிவெல்லாம் கொள்வதைப்போல, நாடும் மன்னன் கருத்துக்கு இசையும் என்பது அவர் கூற்று. உவமை அழகியது, ஆயினும், மண் தன் விருப்பின்றி எதற்கும் இசையும் என எண்ணுவது, மண்ணைத் தொடாதார் எண்ணம். மணலும் ஈரமும் அளவு மாறினால் மண் வெடிக்கும், சரியும். இதனைக் குயவர் அறிவர்.

இருநூற்று இருபத்தெட்டாம் பாடலில் ஐயூர் முடவனார், இறந்துபட்ட கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யவேண்டிய குயவரைப் பார்த்து இரங்குகிறார். உலகையே சக்கரமாகவும் மாமலையையே மண்ணாகவும் கொண்டாலன்றி அவன் புகழுக்கேற்ற தாழியை வனைதல் இயலுமோ என வினவுகிறார். சூளைப் புகை வானில் திரளும் காட்சி மெய்யானது. எனினும் இங்குக் குயவர், மன்னன் பெருமையை அளக்கும் கருவியாகவே நிற்கிறார்.

பாடியவர் பெயர் தெரியாத இருநூற்று ஐம்பத்தாறாம் பாடலில் நிலை மாறுகிறது. வண்டியின் ஆரக்காலில் ஒட்டிய சிறு பல்லியைப்போலக் கணவனோடு பல சுரங்களைக் கடந்துவந்த பெண், அவனை இழந்து நிற்கிறாள். அவள் மன்னனையோ சுற்றத்தையோ அழைக்கவில்லை, குயவரை அழைக்கிறாள். தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யுமாறு வேண்டுகிறாள். முந்தைய பாடல் இயலாததைக் கேட்டது. இது இயல்வதைக் கேட்கிறது. ஆயினும் எளியதைக் கேட்கவில்லை. பெருந்தாழியின் ஈரச் சுவர் அகல அகலத் தன் எடையாலேயே சரியும். ஆதலின் பகுதி பகுதியாக எழுப்பி, சற்றே உலரவிட்டு, தட்டுப்பலகையால் தட்டி இறுக்கியே அதனை வளர்க்கவேண்டும். அவள் வேண்டுகோளின் கனம் இங்குதான் உள்ளது.

இப்பாடலைக் கற்பின் சிறப்புக்கு மட்டும் சான்று காட்டிக் கடந்துவிடுவதை நாம் ஏற்க இயலாது. வேற்றிடத்தில் தனித்து விடப்பட்ட ஒருத்தியின் ஆதரவின்மையே பாடலின் உயிர். சாவை நாடும் அவள் சொல்லைப் புகழுமுன், அவளுக்குப் பேச வேறு யாருமில்லை என்பதை உணர்தல் வேண்டும். சாதலை மெச்சும் வாசிப்பு அவள் தனிமையைக் காணாது. அவள் சொல்லைக் கேட்டு நிற்கும் குயவரையும் காணாது.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர், இக்கவிதைக்கு மண்ணிலிருந்து கிடைத்த விளக்கம் எனலாம். 1876-இல் யாகர் அங்கு அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். தாழிகளோடு கிடைத்தவற்றுள் சிறு மட்கலங்களும் இருந்தன. உண்ணவும் பருகவும் பயன்பட்ட வகைக் கலங்களே இறந்தோருக்கும் துணையாயின. கறுப்பு-சிவப்புக் கலங்களை நோக்குவோம்: சூட்டில் காற்றுப் பட்ட புறம் சிவந்தது, காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்தன. ஒரே சூளையில் இரு நிறமும் பெற வைத்த கையின் அறிவு எத்துணை நுட்பமானது! 2014-இல் அகழ்வாய்வு முறையாகத் தொடங்கிய கீழடியிலோ, பானை ஓடுகளில் ஆதன் முதலான பெயர்கள் தமிழியில் கீறப்பட்டுள்ளன. பொன்னிலன்று, புழங்கும் பானையில் மனிதர் தம் பெயரைப் பொறித்தனர்.

ஆகவே மூன்று பாடல்களுள் முதலிரண்டும் மன்னனை உயர்த்துகின்றன. மூன்றாவது, மண்ணையும் மனிதரையும் அறிந்து பேசுகிறது. கவிநயத்தில் ஐயூர் முடவனார் பாடல் விஞ்சலாம். மெய்ம்மையில் பெயரறியாப் பாடலே விஞ்சுகிறது. கலத்தைப் போற்றும் நாம், அதனை வனைந்தோரையும் அதன்முன் கண்ணீர் சிந்தியோரையும் மறந்தால், நம் கையில் எஞ்சுவது ஓடு மட்டுமே.