அப்பா எழுந்து போன பிறகு

ஜப்பானிய டைரக்டர் யஸுஜிரோ ஓஸு 1953இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தைப் பார்த்தவர்கள் பலரும், பெற்ற பிள்ளைகள் கல்நெஞ்சர்கள், விதவை மருமகள் தெய்வம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்த அபிப்பிராயம் ஒப்பவில்லை.

ஒனோமிச்சியிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவுக்கு வருகிறார்கள். மூத்தவன் டாக்டர். மகள் சிகையலங்காரக் கடை நடத்துகிறாள். இருவருக்கும் ஓய்வில்லை. பெற்றோர் மருமகளோடு வெளியே போயிருந்த சமயம், பணம் போட்டு அவர்களை அடாமி வெந்நீர் ஊற்றுக்கு அனுப்பிவிடத் தீர்மானிக்கிறார்கள். அங்கே விடுதியில் ராத்திரியெல்லாம் பாட்டும் கூத்தும். கிழவர்களுக்குத் தூக்கமில்லை. இதில் கொடுமை ஒன்றுமில்லை. நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடுதான்.

பிறகு தாய் இறந்துபோகிறாள். சடங்கு முடிந்து சாப்பிடும்போது தகப்பனார் எழுந்து போகிறார். உடனே மகள் சொல்கிறாள்: அப்பா முந்திப் போயிருந்தால் தேவலை, அம்மாவென்றால் டோக்கியோவுக்குக் கூட்டிப்போய்ச் சமாளித்திருக்கலாம், தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டால் அப்பா தனியாக என்ன செய்வார்? அவள் கேள்வியில் தப்பில்லை. கேட்ட நேரம்தான் தப்பு. இரண்டு யோசனையும் பெற்றோர் இல்லாதபோதுதான் நடக்கின்றன.

கிழவரும் லேசுப்பட்டவரல்ல. தமக்கு வேண்டியதைக் கடைசிவரை வாய் திறந்து சொல்வதில்லை. மருமகளோ, தானும் சுயநலக்காரிதான் என்கிறாள். வில்லன் இல்லாத கதை என்பதால்தான் நமக்கு அதில் தப்ப வழியில்லை.

ஜப்பானில் 2000இல் முதியோர் பராமரிப்புக் காப்பீடு வந்தது. நாற்பது வயதிலிருந்து சந்தா கட்டுகிறார்கள். நம் நாட்டிலும் 2007இல் சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளையிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தரும். நல்ல காரியங்கள்தான். ஆனால் அப்பாவை எதிரில் உட்காரவைத்துப் பேசு என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

போன வருஷம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாங்கள் மூவரும் அம்மாவை நாலு நாலு மாதமாகப் பங்கிட்டோம். அம்மா காப்பி கொண்டுவந்ததும் பேச்சை மாற்றினோம். இந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் அவளிடம் போய், “உனக்கு எங்கேம்மா இருக்க இஷ்டம்?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு நீங்க பேசினது அடுக்களைக்குக் கேட்டுதுடா” என்றாள்.

ஓஸுவின் கிழவருக்கும் கேட்டிருக்குமோ என்னவோ.