குனிய வைக்கும் ஜன்னல்

ரிப்பன் மாளிகையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வெள்ளை நிறத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 1913இல் திறந்தார்கள், ஹாரிஸ் வடிவமைத்தார், லோகநாத முதலியார் கட்டினார், மணிக்கூண்டு. எல்லாம் சரிதான். உள்ளே, மாமன்றக் கூடத்தில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

மேயருக்கு உயர்ந்த இருக்கை, அங்கி, செங்கோல். எதிரே 200 வார்டுகளின் உறுப்பினர்கள். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடகம் என்று இதை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. இந்த மாநகராட்சிக்குத் தலைவராக இருந்தவர்தான் பிட்டி தியாகராயர். தி.நகர்க்காரர்கள் தினமும் சொல்லும் ‘தி’ அவர்தான். 2022இல் பட்டியல் சமூகத்திலிருந்து முதல் பெண் மேயராக ஆர். பிரியா வந்து அமர்ந்தபோது அந்த உயரத்துக்கே வேறு அர்த்தம் வந்தது.

ஆனா ஒண்ணு. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மாமன்றமே கிடையாது. தேர்தல் நடக்கவில்லை, அதிகாரிகள்தான் நிர்வகித்தார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் உறுப்பினர்கள் இல்லாமலே ஊர் ஓடியது. கவுன்ட்டரை ரெண்டு நாள் மூடிப் பாருங்க, தெரியும். மயிலாப்பூர்க்காரருக்கும் அடையாறுக்காரருக்கும் மாநகராட்சி என்றால் அதுதான். ஆன்லைனில் தீராத பெயர்ப் பிழையும் வரித் தகராறும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

அந்த இடத்தை யாராவது வடிவமைத்தார்களா? தென்சென்னையில் நான் போன ஓர் அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்பில் கையளவு ஓட்டை, என் இடுப்பு உயரத்தில். பேசணும்னா குனியணும். நிமிர்ந்தா குரல் கேக்காது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் விளிம்பைப் பிடித்துக் குனிந்தபடியே, மனைவியின் இறப்புச் சான்றிதழில் விழுந்த எழுத்துப் பிழையை விளக்கிக்கொண்டிருந்தார். இறந்தவர் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசை முழுக்கக் கேட்டது. உள்ளே இருந்த அம்மா பொறுமைசாலி. காதில் விழாததால் எழுந்து எழுந்து வந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஓட்டை, உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். வெளியே நிற்கிறவர் கணக்கிலேயே இல்லை. பாஸ்போர்ட் சேவா மையத்தில் விண்ணப்பதாரரும் ஊழியரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் பேசுகிறார்கள். அங்கே யாரும் யார் காதிலும் கத்துவதில்லை. அதுவும் அரசு அலுவலகம்தானே?

ரிப்பன் மாளிகையைப் புதுப்பித்தபோது பழைய சுண்ணாம்புப் பூச்சுக்கே போனார்கள். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஜன்னலுக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம். வெளிப்பக்கம் ஒரு நாற்காலி போட்டால் இரண்டு முகமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அன்று அங்கே மூன்று நாற்காலிகள் இருந்தன. சுவரோரமாக, ஒன்றின் மேல் ஃபைல் கட்டு.