முதல்நூலை மறைத்த வழிநூல்: ‘நிஞ்சா டெர்மினேட்டர்’ படத்தின் மொழிமாற்றம்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பை வழிநூலின் நான்கு வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் எண்ணுகிறது. வழிநூல் என்ற அளவிலேயே அதற்கு ஒரு முதல்நூல் உண்டு என்பது பெறப்படும். மூலப்பனுவல், பெறுமொழிப் பனுவல் என்னும் இன்றைய கலைச்சொற்களும் இவ்வுறவையே அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் முதல்நூல் ஒன்று இருந்தும் அது மறைக்கப்பட்டு, அதன் பொருளோடு தொடர்பற்ற பேச்சு அதன்மேல் ஏற்றப்படுமானால் அப்பனுவலை எவ்வகையில் அடக்குவது? இவ்வினாவுக்குத் தெளிவான சான்றாக அமைவது, 1980களின் நடுப்பகுதியில் ஹாங்காங்கில் உருவான ‘நிஞ்சா டெர்மினேட்டர்’ என்னும் சண்டைப் படமாகும்.

இப்படத்தைக் கலைப்படைப்பாகக் கருதிப் பேசியோர் குறைவு. நகைப்புக்குரியதாகப் பேசியோரே மிகுதி. அந்நகைப்பின் பெரும்பகுதி அதன் ஆங்கில உரையாடலைப் பற்றியது. மோசமான மொழிபெயர்ப்பு என்பதே பலர் அதற்கு வழங்கிய தீர்ப்பு. அத்தீர்ப்பு பொருந்துமா, பொருந்தாதெனில் படத்தின் உண்மையான குறை எங்கே உள்ளது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. படம் உருவான முறை

படத்தின் இயக்குநர் கோட்ஃபிரி ஹோ, ஷா சகோதரர்கள் நிறுவனத்தில் புகழ்பெற்ற இயக்குநர் சாங் செயிடம் உதவியாளராக இருந்தவர். தயாரிப்பாளர் ஜோசப் லாய், நிறுவனம் ஐ.எஃப்.டி. 1981இல் வெளிவந்த ‘என்டர் தி நிஞ்சா’ என்னும் அமெரிக்கப் படத்தின் வெற்றிக்குப் பின் நிஞ்சாப் படங்களுக்கு உலகெங்கும் தேவை ஏற்பட்டது. பெருகிவந்த ஒளிப்பேழைச் சந்தை அத்தேவையை மேலும் வளர்த்தது. இந்நிறுவனம் அதை நிறைவுசெய்யக் கையாண்ட முறை எளியது. முன்னரே எடுக்கப்பட்ட ஆசியப் படம் ஒன்றைப் பெறுவது. மேலைநாட்டு நடிகர்களைக் கொண்டு நிஞ்சாக்கள் மோதும் சில காட்சிகளைப் புதிதாகப் படமாக்குவது. இரண்டையும் வெட்டி இணைப்பது. முழுவதற்கும் புதிய ஆங்கில உரையாடலை எழுதிக் குரல் சேர்ப்பது. இம்முறையில் பல படங்கள் வெளிவந்தன. சில படங்களுக்காகத் தாம் நடித்த காட்சிகள் தமக்குத் தெரியாமலே பல படங்களில் பயன்படுத்தப்பட்டதாக நடிகர் ரிச்சர்டு ஹாரிசன் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

‘நிஞ்சா டெர்மினேட்டர்’ படத்துக்கு அடித்தளமாக அமைந்தது 1984ஆம் ஆண்டின் கொரியப் படமொன்று. ‘ஸ்டார் ஃபெரியின் அழையா விருந்தாளி’ என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பில் உள்ள ‘டெர்மினேட்டர்’ என்னும் சொல்லுக்கும் கதைக்கும் தொடர்பில்லை; அது 1984இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற அமெரிக்கப் படத்தின் பெயரை நினைவூட்டுவதற்காகவே இடப்பட்டது எனலாம்.

புதிதாகச் சேர்க்கப்பட்ட கதை வருமாறு: நிஞ்சாப் பேரரசு ஒன்றிடம் பொன்னாலான வீரன் சிலை உள்ளது. அது மூன்று துண்டுகளாகப் பிரியக்கூடியது. துண்டுகள் ஒன்றுசேர்ந்தால் உடையவன் உடலில் வாள் பாயாது. சீடர் மூவர் ஆளுக்கொரு துண்டைக் கவர்ந்து செல்கின்றனர். அவர்களுள் டமாஷி கொல்லப்படுகிறார். எஞ்சிய ஹாரியும் பாரனும் ஒருவருக்கொருவர் பகைவராகின்றனர். ஹாரியாக நடிப்பவர் ஹாரிசன். கொரியப் படத்தின் நாயகன், ஹாரியின் ஏவலில் செயற்படும் ‘ஜாகுவார் வோங்’ ஆக்கப்படுகிறான். அதன் எதிர்நாயகன் ‘டைகர் சான்’ ஆகிறான்.

3. ‘நிஞ்சா’ என்னும் சொல்

ஜப்பானிய மொழியில் இச்சொல் இரு சீன எழுத்துகளால் எழுதப்படுகிறது. முதல் எழுத்து பொறுத்தல், மறைந்திருத்தல் ஆகிய பொருள்களையும் இரண்டாம் எழுத்து ஆள் என்னும் பொருளையும் தரும். இவ்வெழுத்துகளைச் சீனவழி ஒலிப்பில் படித்தால் ‘நிஞ்சா’; ஜப்பானிய இயல்பு ஒலிப்பில் படித்தால் ‘ஷினோபி நோ மோனோ’. 1962இல் ஜப்பானில் வெளிவந்த புகழ்பெற்ற நிஞ்சாப் படத்தின் தலைப்பும் பின்னதே. முன்னது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருவழக்குப் பெற்றது. 1967இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்று அதை மேலைநாட்டுப் பார்வையாளரிடம் பரப்பியது.

தமிழ் எழுத்துமுறைக்கு இச்சொல் இயல்பாகவே பொருந்துகிறது. ஞகர மெய்யை அடுத்து வரும் சகரம் தமிழில் ஒலிப்புடை ஒலியாகும். பஞ்சு, மஞ்சள் ஆகியவற்றில் இதனைக் காணலாம். ஆகவே ‘நிஞ்சா’ என எழுதினாலே மூல ஒலிப்பு கிடைத்துவிடுகிறது. கிரந்த எழுத்துக்குத் தேவையில்லை.

கோட்ஃபிரி ஹோவின் படங்களில் இச்சொல் பெறும் நிலை வேறு. அங்கு நிஞ்சாக்கள் கண்ணைப் பறிக்கும் வண்ண ஆடைகளில் தோன்றுகின்றனர். அவர்தம் நெற்றிப்பட்டையில் ‘நிஞ்சா’ என்று ரோமன் எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. மறைந்திருப்பவன் என்னும் பொருளுடைய சொல் நெற்றியில் விளம்பரமாக ஒட்டப்படுகிறது. சொல் தன் பொருளை விட்டு வணிக முத்திரையாகிவிட்டமைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே காலப்பகுதியில் இச்சொல் வன்முறையை நினைவூட்டுவதாகக் கருதப்பட்டு, ஆமைகளை நாயகராகக் கொண்ட அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடரின் பிரிட்டானியத் தலைப்பில் ‘நிஞ்சா’ நீக்கப்பட்டு ‘ஹீரோ’ சேர்க்கப்பட்டதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஒரு சந்தை சொல்லை ஒட்டியது. மற்றொன்று அதை உரித்தது. இரண்டிலும் சொல்லின் பொருள் கருதப்படவில்லை.

4. மூவகை ஒத்திசைவு

ஹங்கேரிய மொழியியலாளர் இஸ்த்வான் ஃபோதோர், திரைப்பட மொழிமாற்றம் குறித்து 1976இல் வெளியிட்ட நூலில் மூவகை ஒத்திசைவைப் பிரித்துக் காட்டினார். வாயசைவுக்கும் கேட்கும் ஒலிக்கும் உள்ள ஒத்திசைவு ஒன்று. நடிகரின் தோற்றத்துக்கும் குரலுக்கும் உள்ள ஒத்திசைவு மற்றொன்று. மூல உரையாடலின் பொருளுக்கும் புதிய உரையாடலின் பொருளுக்கும் உள்ள ஒத்திசைவு மூன்றாவது.

மொழிமாற்றுவோருக்குப் பெரும் இடர் தருவது முதலாவதாகும். ப், ம் போன்ற ஈரிதழொலிகளில் உதடுகள் மூடுவது திரையில் தெளிவாகத் தெரியும். அவ்விடத்தில் அத்தகைய ஒலியுடைய சொல்லைத் தேடியாக வேண்டும். நிஞ்சாவின் முகமூடி இவ்விடரை முற்றாக நீக்கிவிடுகிறது. வாய் தெரியாத பாத்திரம் எம்மொழியையும் எவ்வளவு நேரமும் பேசலாம். முகமூடிக்குள் இருப்பவர் அந்த நடிகர்தானா என்பதும் தெரியாது. குறைந்த செலவில் படமெடுப்போர் இப்பாத்திரத்தை விரும்பியதற்குச் சந்தைத் தேவையோடு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கொரியக் காட்சிகளில் முகமூடி இல்லை. அங்கு உதட்டசைவின் கால அளவு ஓரளவு பின்பற்றப்படுகிறது, அவ்வளவே. மூன்றாம் ஒத்திசைவான பொருள், தவறவிடப்படவில்லை, தொடக்கத்திலேயே கைவிடப்பட்டது. கொரியப் பாத்திரம் என்ன சொன்னது என்பது புதிய உரையாடலை எழுதியவர்க்குத் தேவைப்படவே இல்லை. எனவே மோசமான மொழிபெயர்ப்பு என்னும் தீர்ப்பு அடிப்படையிலேயே பிழையானது. மொழிபெயர்ப்பு நிகழ்ந்திருந்தால்தான் அது மோசமானதா என்று கேட்க முடியும். ஆயினும் இத்தகைய படங்களைக் கேட்டு நகைத்தவர்கள், கொரிய, சீன மொழிகளின் உரையாடலே அவ்வாறு பொருந்தாமல் இருக்கும் என்றும், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலம் அறியாதவர் என்றும் எண்ண இடமேற்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மொழிபெயர்ப்பாளர் பழி சுமந்தார்.

5. தொலைபேசி என்னும் பிணைப்பு

வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு கதைக்காக எடுக்கப்பட்ட காட்சிகளை ஒரே கதையாகப் பார்வையாளர் ஏற்பது எவ்வாறு? கருத்தாடல் ஆய்வுக்கு இது பயனுள்ள வினா. ஹாரியும் ஜாகுவார் வோங்கும் ஒரே சட்டகத்தில் சந்திப்பதில்லை. ஹாரி, கார்ஃபீல்டு என்னும் கேலிச்சித்திரப் பூனையின் வடிவில் அமைந்த தொலைபேசியில் பேசுகிறார். மறுமுனையில் கொரியப் படத்தின் நாயகன் பேசுவதாகக் காட்சி மாறுகிறது. இருவரையும் இணைப்பவை விளிப்பெயரும், வினா-விடை இணையும், முன்சுட்டுச் சொற்களுமே. ஒருவர் பெயர் சொல்லி அழைத்து வினவ, அடுத்துத் தோன்றுபவர் விடையிறுத்தால், கேட்பவர் மனம் அவர்களை ஓருரையாடலின் இரு முனைகளாகக் கொள்கிறது. படத்தொகுப்பு செய்ய இயலாததை மொழி செய்துவிடுகிறது.

இந்த அளவில் உரையாடல் எழுதியவரின் திறனை மறுக்க இயலாது. காட்சிகளை மாற்றும் உரிமை இன்றி, கிடைத்த உதட்டசைவுக்குள் புதிய உறவுகளையும் பகைகளையும் அவர் நிறுவ வேண்டியிருந்தது. சில இடங்களில் பிணைப்பு அறுந்து கதை தடுமாறுவது உண்மை. எனினும் நிஞ்சாக்களின் பகைமை என்னும் ஓரிழை படம் முழுவதும் நீள்கிறதென்றால், அதற்குக் காரணம் காட்சியன்று, பெயர்களும் சுட்டுகளுமே.

6. பெயர்களும் மரியாதை ஈறுகளும்

பிணைப்புக்குக் கருவியான அதே பெயர்கள் இழப்பையும் காட்டுகின்றன. கொரியப் பாத்திரங்களுக்கு விலங்குப் பெயரோடு சீனக் குடும்பப்பெயர் சேர்த்து வழங்கப்படுகிறது. டமாஷி என்பது ஆன்மா என்னும் பொருளுடைய ஜப்பானியச் சொல்லை ஒத்தது, இயற்பெயராக வழங்குவதன்று. டமாஷியின் தங்கையாக ஆக்கப்பட்ட கொரியப் பெண், மிச்சிகோ என்னும் ஜப்பானியப் பெயரைப் பெறுகிறாள். கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் இருந்தது. 1940 முதல் கொரியர் ஜப்பானிய முறையில் பெயர் மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்டனர். அந்நினைவின் காரணமாகத் தென்கொரியா ஜப்பானியத் திரைப்படங்களுக்கு விதித்திருந்த தடை 1998இல்தான் தளரத் தொடங்கியது. அத்தடை நிலவிய காலத்தில் எடுக்கப்பட்ட கொரியப் படம், அயல்நாட்டுச் சந்தைக்காக நிஞ்சாப் படமாகவும் அதன் பாத்திரம் மிச்சிகோவாகவும் மாறியிருப்பது வெறும் வேடிக்கையன்று. மாற்றியவர்க்குத் தீயநோக்கம் இருந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. கிழக்காசிய மொழிகள் எல்லாம் ஒன்றே என்று கருதும் சந்தைக்கு அவர் எழுதினார். அக்கருத்தை மேலும் வலுப்படுத்தினார்.

இலக்கண நிலையிலும் இழப்பு உண்டு. கொரிய மொழியில் பேசுவோர்க்கும் கேட்போர்க்கும் உள்ள உறவு வினைமுற்றின் ஈற்றில் வெளிப்படும். மூத்தோர், இளையோர், ஒத்தோர், அயலார் என்பதற்கேற்ப ஈறு மாறும். உறவை வெளிப்படுத்தாமல் வாக்கியத்தை முடிப்பது அரிது. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை நாள்தோறும் கையாளும் தமிழருக்கு இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். பணிந்து வணங்கும் உடலசைவும் அதிகாரத்தோடு பேசும் ஆங்கிலமும் முரண்பட்டு நிற்கக்கூடிய இடங்கள் இதனால் உருவாகின்றன.

மூலத்தின் குரல் என்பதும் சிக்கலானதே. அக்காலக் கொரியப் படங்களும் ஹாங்காங் படங்களும் பெரும்பாலும் படப்பிடிப்புக்குப் பின்னரே குரல் சேர்க்கப்பட்டவை. ஆனால் அங்குச் சேர்க்கப்பட்ட குரல் அக்கதைக்காக எழுதப்பட்ட உரையைப் பேசியது. இழந்தது நடிகரின் குரலை அன்று, எழுதியவரின் சொல்லை.

7. மதிப்பீடு

1966இல் உட்டி ஆலன் ஜப்பானிய உளவுப் படம் ஒன்றின்மேல் புதிய ஆங்கில உரையாடலை ஏற்றி ‘வாட்ஸ் அப், டைகர் லில்லி?’ என்னும் நகைச்சுவைப் படத்தை உருவாக்கினார். செய்முறை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அப்படம் தான் செய்ததைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்கிறது. பார்வையாளர் இரு பனுவல்களையும் உணர்ந்தே நகைக்கின்றனர். ‘நிஞ்சா டெர்மினேட்டர்’ அவ்வாறு சொல்வதில்லை. கிடியோன் டூரி போலி மொழிபெயர்ப்பு என்று பெயரிட்டது, மூலம் இல்லாமலே மொழிபெயர்ப்பாகக் காட்டிக்கொள்ளும் பனுவலை. இப்படம் அதன் மறுதலை: மூலம் இருந்தும் மூலநூலாகக் காட்டிக்கொள்ளும் பனுவல்.

படத்தில் பாராட்டத்தக்க சண்டைகள் சில உண்டு. அவற்றுள் சிறந்தவை 1978இல் ஜாக்கி சானோடு மோதிய படங்களால் அறியப்பட்ட ஹுவாங் ஜாங் லீ தோன்றும் காட்சிகள். அவை கொரியப் படத்துக்கு உரியவை. புதிய படத்தின் புகழோ ஹாரிசனின் நிஞ்சா உடைக்கும் பூனைத் தொலைபேசிக்கும் சென்றது. இன்று அப்படத்தைத் தேடுவோர் பெரும்பாலோர் நிஞ்சாப் படத்தின் வழியாகவே அதை அறிகின்றனர்.

8. முடிவுரை

பிறமொழிக் குரல் ஏற்றப்பட்ட படங்களை ‘மொழிமாற்றுப் படம்’ என்று வழங்கும் வழக்கு தமிழில் உண்டு. மொழிபெயர்ப்பு, மொழிமாற்றம் என்னும் இரு சொற்களும் பெரும்பாலும் வேறுபாடின்றி ஆளப்படுகின்றன. அவற்றை வேறுபடுத்தி ஆள்வது பயன் தரும். மூலத்தின் பொருளுக்குக் கட்டுப்பட்டது மொழிபெயர்ப்பு. மூலத்தின் மொழியை அகற்றி வேறொன்றை வைப்பது மொழிமாற்றம். முன்னதைச் சரி, பிழை என்று மதிப்பிடலாம். பின்னதை மதிப்பிடும்போது கேட்க வேண்டியது வேறு: மாற்றப்பட்டது எது என்று அது சொல்கிறதா?

இவ்வினா நிஞ்சாப் படங்களோடு நிற்பதன்று. தமிழுக்கு உலக இலக்கியத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியாகவே வந்துள்ளது. இடைமொழியில் நேர்ந்த நீக்கமும் மாற்றமும் தமிழ்ப் பனுவலிலும் தொடரும். முதல்நூலின் பெயர், மொழி, ஆசிரியர், இடைமொழிப் பதிப்பு ஆகியவற்றைத் தலைப்புப் பக்கத்தில் குறிப்பது வெறும் நூலகத் தேவையன்று. வழிநூல் முதல்நூலுக்குச் செலுத்தவேண்டிய குறைந்த அளவுக் கடன். அக்கடன் செலுத்தப்படாதபோது, பிறர் சொல் எவ்வளவு எளிதில் இல்லாமற் போகும் என்பதற்கு இப்படம் சான்றாக நிற்கிறது.