ஹைஸ்மித்துக்கு எட்டு வருடம் முன்னால்

க்ரைம் நாவல் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அதே பெயர்கள்தான் வரும்: அகதா கிறிஸ்டி, சேண்ட்லர், கொஞ்சம் தேடிப் படிப்பவர் என்றால் பட்ரீஷியா ஹைஸ்மித், இப்போது கெய்கோ ஹிகாஷினோ. டோரதி பி. ஹ்யூஸ் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஆனால் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த 'இன் எ லோன்லி பிளேஸ்' (1950) படத்தைப் பார்த்தவர்கள் இங்கேயும் உண்டு. அதன் மூலநாவல் ஹ்யூஸ் எழுதியது. படம் பார்த்தாயிற்றே, நாவல் எதற்கு என்று கேட்காதீர்கள். படத்தில் நாயகன் கோபக்காரன், ஆனால் அந்தக் கொலையைச் செய்யாதவன். நாவலில் அவன்தான் கொலையாளி. அதுவும் ஒரு கொலையோடு நிற்பவன் இல்லை.

இதைச் சொல்லிவிட்டதால் நாவலில் எதுவும் கெட்டுப்போகாது. 1947இல் வந்த அந்த நாவல் முதல் அத்தியாயத்திலேயே இதை உணர்த்திவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரையோரம், இரவு, பனிமூட்டம். ஒரு பெண் பேருந்திலிருந்து இறங்குகிறாள். டிக்ஸ் ஸ்டீல் அவளுக்குப் பின்னால் நடக்கிறான். யுத்தத்தில் விமானியாக இருந்தவன். இப்போது வேலையில்லை, மாமா அனுப்பும் பணத்தில் காலம் ஓட்டுகிறான், கேட்பவர்களிடம் துப்பறியும் நாவல் எழுதுவதாகச் சொல்லிக்கொள்கிறான். அவனுடைய யுத்தகால நண்பன் ப்ரப் இப்போது போலீஸ் துப்பறிவாளன், அவன் தேடிக்கொண்டிருப்பதோ டிக்ஸைத்தான். டிக்ஸ் அவன் வீட்டுக்கே போய், கையில் கோப்பையோடு உட்கார்ந்து வழக்கைப் பற்றி விசாரிக்கிறான்.

கதை முழுக்க டிக்ஸின் தலைக்குள்ளிருந்தே நகர்கிறது. ஆனால் ஒரு கொலைகூட நம் கண்முன் நடப்பதில்லை. ஒரு பகுதி முடியும், அடுத்தது காலையில் தொடங்கும், நடுவில் சில மணி நேரம் காணாமல் போயிருக்கும். லாக் ஃபைல் படித்துப் பழகியவர்களுக்கு இது புரியும்: எந்த நேரத்துக்கு ஒரு வரியும் பதிவாகவில்லையோ, பிரச்சினை அங்கேதான் இருக்கும். இப்போது ஓடிடியில் வரும் சீரியல் கில்லர் தொடர்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே கேமரா பிணத்தை விட்டு நகராது, கொலையாளி ஏதோ மேதை மாதிரி பேசுவான். ஹ்யூஸ் டிக்ஸுக்கு மேதைமையைத் தருவதில்லை. யூனிஃபார்ம் போட்டிருந்த வருடங்களில் பணக்கார வீட்டு ப்ரப்பும் அவனும் சமமாக இருந்தார்கள், யுத்தம் முடிந்ததும் அந்தச் சமம் போய்விட்டது, உலகம் தனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று அவன் நினைக்கிறான். சுயஇரக்கம்தான் இந்தக் கொலையாளியின் மனசு. எரிச்சலூட்டும் அளவுக்கு அற்பமானவன். ரிப்ளியோடு நமக்கு ஒட்டிக்கொள்ளும் அந்தக் கள்ளப் பரிவு இவனிடம் ஒட்டுவதில்லை. 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி' வந்தது 1955இல்.

அவனை முதலில் கண்டுகொள்வது போலீஸ் இல்லை. ப்ரப்பின் மனைவி சில்வியாவும், டிக்ஸ் காதலிக்கும் லாரல் கிரேயும்தான். சில்வியா அவனைப் பார்க்கும் பார்வையே அவனுக்குப் பிடிப்பதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பது அவனுக்குப் புரிவதற்குள் நமக்குப் புரிந்துவிடுகிறது. கொல்லப்படவோ மயக்கவோ மட்டும் பெண்களை வைத்திருந்த ஒரு வகைமைக்குள் இருந்துகொண்டு, 1947இல் ஒருவர் இதைச் செய்திருக்கிறார்.

ஹ்யூஸ் (1904-1993) கவிஞராகத் தொடங்கியவர். முதல் தொகுப்பு 1931இல் யேல் பல்கலைக்கழகத்தின் இளம் கவிஞர்கள் வரிசையில் வந்தது. முதல் நாவல் 'தி சோ ப்ளூ மார்பிள்' (1940), நியூயார்க்கில் ஒரு கோலிக்குண்டுக்காகக் கொலை செய்து திரியும் இரட்டைச் சகோதரர்களின் கதை. சாதா சரக்குதான். ஆனால் அடுத்த ஏழே வருடத்தில் இன்னொரு எழுத்தாளர் போல மாறிவிட்டார். 1952க்குப் பிறகு குடும்பப் பொறுப்புகளால் நீண்ட இடைவெளி. 1963இல் ஒரே ஒரு நாவல், அதுவே கடைசி: 'தி எக்ஸ்பென்டபிள் மேன்'.

இந்த நாவலைப் படிக்கும் எண்ணம் இருந்தால் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடுங்கள். நிஜமாகவே சொல்கிறேன்.

ஹ்யூ டென்ஸ்மோர் பயிற்சி மருத்துவன். குடும்பக் கல்யாணத்துக்காக லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஃபீனிக்ஸுக்கு அம்மாவின் காடிலாக் காரில் போகிறான். பாலைவனச் சாலையில் தனியாக நிற்கும் பதின்வயதுப் பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். ஏற்றிய நிமிஷத்திலிருந்து அவனுக்குப் பயம். நல்ல வேலை, நல்ல கார், தப்பு ஒன்றும் செய்யவில்லை, பிறகு எதற்கு இவ்வளவு பயம்? இவன் எதையோ மறைக்கிறான் என்று வாசகர் சந்தேகிக்க ஆரம்பிப்பார். பிறகு, சில பத்துப் பக்கங்கள் கழித்து, போகிற போக்கில் தெரியவருகிறது: ஹ்யூ கறுப்பர். துப்புகள் எல்லாம் முன்பே கண்ணெதிரே கிடந்தவைதான். அதுவரை அவனை வெள்ளையனாக வரைந்துகொண்டது வாசகரின் மனம், ஹ்யூஸ் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பெயரையும் ஊரையும் கேட்டு ஆளை எடைபோடும் நமக்கு இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கத் தேவையில்லை. அந்தப் பெண் பிணமாகக் கிடைத்ததும் போலீஸ் ஹ்யூவிடம்தான் வருகிறது. கருக்கலைப்பு சட்டவிரோதமாக இருந்த காலம் அது. கதையின் முடிச்சும் அதுதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஹ்யூ அப்பழுக்கில்லாதவன்: படித்தவன், வசதியான குடும்பம், அழுக்கான எண்ணமே கிடையாது. அவனைத் தேடிவரும் காதலும் அதே மாதிரி. இத்தனை சான்றிதழ் இருந்தும் அவன் தப்பிக்க முடியவில்லை என்பதுதான் ஹ்யூஸின் வாதம், சரி. ஆனால் சான்றிதழ் ஒன்றுமே இல்லாத ஒருவனை எழுதியிருந்தால் வாசகரின் இரக்கம் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. டிக்ஸை எழுதிய கைக்கு அந்தத் துணிச்சல் இருந்தது.

1978இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் அவரை கிராண்ட் மாஸ்டர் ஆக்கியது. அப்போது அவர் நாவலை விட்டுப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் ஒருவர் மட்டும் இப்படி மறைந்துபோகவில்லை. எலிசபெத் சாங்ஸே ஹோல்டிங்கை சேண்ட்லரே மிக உயர்வாக மதித்தார். அவருடைய 'தி பிளாங்க் வால்' (1947) நாவலில் ஒரு குடும்பத்தலைவி, கணவன் யுத்தத்தில் இருக்க, ஒரு பிணத்தை அப்புறப்படுத்திவிட்டு வந்து அவனுக்கு 'இங்கே எல்லாரும் சுகம்' என்ற தொனியில் கடிதம் எழுதுகிறாள். சமையல், ரேஷன், பிள்ளைகள், பிணம் எல்லாம் ஒரே நாள் வேலையாக வருகின்றன. டொலோரஸ் ஹிச்சன்ஸின் 'ஃபூல்ஸ் கோல்ட்' நாவலில் இருந்துதான் கோதார் 'பாண்ட் ஆ பார்ட்' எடுத்தார். படம் எல்லா சினிமாக்காரர்களுக்கும் தெரியும், ஹிச்சன்ஸை யாருக்குத் தெரியும்? சாரா வைன்மன் தொகுத்து 2015இல் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் இவர்களோடு மார்கரெட் மில்லரும் வேரா காஸ்பரியும் உண்டு. மொத்தம் எட்டு நாவல்கள், எட்டும் பெண்கள் எழுதியவை.

ஹ்யூஸின் இரண்டு முக்கிய நாவல்களையும் என்ஒய்ஆர்பி கிளாசிக்ஸ் மறுபதிப்பாகக் கொண்டுவந்திருக்கிறது. 'இன் எ லோன்லி பிளேஸ்' முதலில், படத்தை அதற்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கோலிக்குண்டு நாவலை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்.